பதினாலு பெயரில் என் பெயர் இல்லை

உட்காருங்கள் தம்பி. அந்த ஸ்டூல் ஆடும், இதில் உட்காருங்கள். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே பேசினால் தப்பாக நினைக்கமாட்டீர்களே? விடுதியில் நூற்றுப்பத்துப் பிள்ளைகள். பன்னிரண்டரை ஆனால் தட்டோடு வந்து நின்றுவிடுவார்கள். நேற்று சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்று வார்டன் வரைக்கும் புகார் போயிருக்கிறது. உப்பு கூடவில்லை. புளி குறைந்திருந்தது. அதை யாரிடம் போய்ச் சொல்வது.

நீங்கள் வந்த விஷயத்தை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். எங்கள் டாக்டரம்மா கர்ப்பிணிகளுக்குக் கொடுத்த அதே சத்துமாவை, நீங்கள் வேலை பார்க்கிற பூனாவிலும் கொடுத்துப் பார்த்திருக்கிறீர்கள். அங்கே குழந்தைகள் எடை கூடிப் பிறக்கின்றன. இங்கே கொடுத்தபோது கூடவில்லை. ஏன் அங்கே அப்படி, இங்கே இப்படி என்று பார்க்க வந்திருக்கிறீர்கள். இரண்டு நாளாக ஆபீசில் உட்கார்ந்து பழைய ரிஜிஸ்டர் எல்லாவற்றையும் புரட்டிவிட்டீர்கள். எல்லாம் சரியாக இருக்கிறது. அப்புறம், வீடு வீடாகப் போய் உருண்டை கொடுத்தது யார் என்று கேட்டிருக்கிறீர்கள். சமையல்கட்டில் வேதவல்லி என்று ஒருத்தி இருக்கிறாள், போய்ப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவ்வளவுதானே?

இந்த ஏழு வருஷத்தில் அதைக் கேட்டுக்கொண்டு என்னைத் தேடி வந்த முதல் ஆள் நீங்கள்தான். அதனால்தான் பிள்ளைகளுக்கு வைத்திருந்த பாலில் காப்பி போட்டேன்.

டாக்டரம்மா டெல்லிக்குப் போயிருக்கிறார்கள். வியாழக்கிழமைதான் வருவார்கள். அவர்கள் ஊரில் இருந்திருந்தால் உங்களோடு பேச எனக்குத் தைரியம் வந்திருக்காது. பேசவேண்டாம் என்று அவர்களே ஒரு தடவை சொல்லியிருக்கிறார்கள். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் இதைப் பாருங்கள்.

இதுதான் அந்தக் கட்டுரை. எண்ணெய் படாமலிருக்க பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறேன். எனக்கு ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. இங்கிலீஷ் எழுத்துத் தெரியும், கூட்டிக்கூட்டித்தான் படிப்பேன். மேலே உள்ள பெயர்களை மட்டும் கூட்டிப் படித்திருக்கிறேன். பதினாலு பெயர். முதல் பெயர் டாக்டர் வசுமதி. அது நியாயம். அடுத்த ஆறு பேர் இங்கே உள்ளவர்கள். மற்ற ஏழு பேரை நான் கண்ணால் பார்த்ததே கிடையாது. ஒருவர் ஸ்வீடனில் இருக்கிறாராம். உருண்டை உருட்டியது எங்கள் ஊர் மணலேரியில், பெயர் ஸ்வீடன்காரருக்கு. போகட்டும். கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள். அடியில் பொடி எழுத்தில் நன்றி சொல்லியிருக்கிறார்கள் பாருங்கள். அதில் ஏகாம்பரம் என்று இருக்கிறதா? அது வேன் டிரைவர். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வர வேண்டிய வேனைப் பத்தேகாலுக்குக் கொண்டுவருகிறவர். அவருக்குப் பெயர் இருக்கிறது. பக்கத்திலேயே ‘களப்பணியாளர்கள்’ என்று ஒரு வார்த்தை இருக்கிறதாம், மோகனரங்கம் படித்துச் சொன்னார். அதுதான் நான். நான், அஞ்சுகம், ரஷீதா, குமுதா, நாலு பேருக்கும் சேர்த்து அந்த ஒரு வார்த்தை.

கல்யாணப் பத்திரிகையில் ஒரு சித்தப்பா பெயர் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாததா. எங்கள் சொந்தத்தில் அப்படி விட்டுப்போய்ப் பதினோரு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் கிடந்தார்கள். பத்திரிகையாவது ஐந்நூறு பேருக்குப் போகும், கல்யாணம் முடிந்தால் பரணுக்குப் போய்விடும். இது அப்படி இல்லையே. இது நின்றுகொண்டே இருக்கிறது. வருஷா வருஷம் வளர்கிறது.

மோகனரங்கம் ஆபீஸ் அட்டெண்டர். ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி கம்ப்யூட்டரில் பார்த்து எனக்கு ஒரு எண் சொல்வார். ஒருவர் புதிதாகக் கட்டுரை எழுதினால், இந்த விஷயத்தை இன்னாருடைய கட்டுரையிலிருந்து தெரிந்துகொண்டேன் என்று கடைசியில் குறிப்புப் போட வேண்டுமாமே. அப்படி டாக்டரம்மாவின் இந்தக் கட்டுரையை எத்தனை பேர் குறித்திருக்கிறார்கள் என்று கணக்கு இருக்கிறது. போன மாதம் ஆயிரத்து ஐந்நூற்று நாலு. இந்த மாதம் ஆயிரத்து ஐந்நூற்றுப் பதினாறு. டாக்டரம்மா எழுதின மற்றக் கட்டுரை எல்லாவற்றையும் சேர்த்தாலும் இதில் பாதி வராதாம். நம்பிக்கையான கட்டுரை என்று உலகம் முழுக்கப் பெயராம். ஆராய்ச்சியில் சேர்ந்த இருநூற்று நாற்பது பெண்களில் இருநூற்று முப்பத்தாறு பேர் கடைசிவரை நின்றார்கள், ஒரு வாரம் தவறாமல் சாப்பிட்டார்கள், அப்படி ஓர் ஆராய்ச்சியை யாரும் நடத்தினதே இல்லை என்று அமெரிக்காவில் ஒருவர் எழுதியிருக்கிறாராம்.

அந்த இருநூற்று முப்பத்தாறு பேரை நிற்கவைத்தது யார்? அதைத்தான் சொல்லவருகிறேன்.

ஆராய்ச்சி ஆரம்பித்தபோது எங்கள் நாலு பேருக்கும் ஒருநாள் பயிற்சி கொடுத்தார்கள். டாக்டரம்மாவே போர்டில் படம் போட்டுச் சொன்னார்கள். உளுந்தும் வெல்லமும் சேர்த்த உருண்டை. பாதிப் பெண்களுக்குச் சத்துமாவு கலந்தது, பாதிப் பெண்களுக்குக் கலக்காதது. பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓர் எண். வாரத்துக்கு ஏழு உருண்டை, அந்த எண் போட்ட பையில் வரும். அந்தந்தப் பையை அந்தந்தப் பெண்ணிடம் கொடுக்க வேண்டியது, தினமும் ஒன்று சாப்பிட்டாளா என்று பார்த்து எழுதவேண்டியது. குழந்தை பிறந்ததும் எடை போடுவார்கள். மாவு சாப்பிட்டவள் பிள்ளை கனமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எந்தப் பையில் எது இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

நான்தான் கேட்டேன். “உங்களுக்குமாம்மா தெரியாது?”

“எனக்கும் தெரியாது. மெட்ராஸ்ல ஒரு கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். தெரியாம இருக்கிறதுதான் வேதா இந்த ஆராய்ச்சிக்கு உயிரே.”

“சரிங்கம்மா” என்றேன்.

நல்ல படிப்பாளி, நல்ல மனுஷி. ஆனால் அடுப்படிப் பக்கம் போனவர் இல்லை. முதல் திங்கட்கிழமையே எனக்குத் தெரிந்துவிட்டது. பையைப் பிரிக்கக்கூட வேண்டாம். மாவு கலந்ததில் இரும்புத் தோசைக்கல்லைச் சுரண்டினால் வருமே, அப்படி ஒரு வாசம். கலக்காததில் வெறும் வெல்ல வாசம். அஞ்சுகத்திடம் கேட்டேன். “அதுகூடத் தெரியாதாக்கா, நமக்கு நாக்கு இல்லையா மூக்கு இல்லையா” என்றாள். ரஷீதாவுக்குத் தெரிந்திருந்தது. குமுதாவுக்குச் சளி, அவளுக்கு இரண்டு வாரம் கழித்துத் தெரிந்தது.

நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. ஆனால் சாப்பிடுகிறவர்களுக்கும் மூக்கு இருக்கிறதே. மூன்றாவது வாரமே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. வாசம் வருவது மருந்து உருண்டை, வாசம் இல்லாதது சும்மா உருண்டை.

மணலேரியில் கன்னியம்மாள் வீடு. மருமகள் சத்யா ஐந்து மாதம். பிரசவத்துக்கு வந்திருந்த மகள் ரேணுகா ஆறு மாதம். சத்யாவின் பையில் வாசம் வருகிறது. ரேணுகாவின் பையில் வரவில்லை. கன்னியம்மாள் வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டாள்.

“ஏம்மா வேதவல்லி, எவளோ பெத்த பொண்ணுக்கு மருந்து உருண்டை, நான் பெத்த பொண்ணுக்கு வெல்ல உருண்டையா? இது எந்த ஊரு நியாயம்?”

“நான் என்னக்கா பண்றது. கம்ப்யூட்டர்ல அப்படி வந்திருக்கு.”

“அந்தக் கம்ப்யூட்டருக்குப் பொண்ணு இருக்கா?”

உள்ளேயிருந்து சத்யா, “அத்த, என்னுத நீங்க வேணா உங்க பொண்ணுக்கே குடுங்க, எனக்கு ஒண்ணும் வேண்டாம்” என்றாள். அவள் சொன்ன விதத்திலேயே வேண்டும் என்று தெரிந்தது. ரேணுகா அழ ஆரம்பித்துவிட்டாள். உங்களுக்குச் சொல்கிறேன் தம்பி, நீங்கள் எவ்வளவு படித்திருந்தாலும் இது தெரிந்திருக்க வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு மசக்கைக்காரிகள் இருந்தால் ஒருத்திக்கு ஒன்று, இன்னொருத்திக்கு ஒன்று கொடுக்கக்கூடாது. ஏங்கிப்போவார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரி ஏங்கினால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும். எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அது ஒரு வீட்டோடு நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்கு மருந்து, எனக்கு இல்லையா என்று ஆரம்பித்தார்கள். அந்த வாரத்தில் பதினெட்டு வீட்டில் பையை வாங்கமாட்டோம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். குமுதா பகுதியில் ஒரு மாமனார் பையைத் தூக்கி எருமைக்குப் போட்டுவிட்டார். எருமைக்கு எந்த உருண்டை கிடைத்தது என்று தெரியாது.

டாக்டரம்மாவுக்குச் சேதி போனது. வேனில் வந்தார்கள். சாலையோரம் வேனை நிறுத்திவிட்டு என்னிடம் பேசினார்கள். “வேதா, இருபது பேர் விலகினா இந்த ஆராய்ச்சி நின்னுடும். மூணு வருஷமா இதுக்குப் பணம் கேட்டுக் கேட்டு அலைஞ்சிருக்கேன். எப்படியாவது அவங்கள நிக்கவை. நீ சொன்னா கேப்பாங்க.”

எப்படியாவது என்று அவர்கள் வாயால் சொன்னார்கள். என் வேலையின் மேல் நம்பிக்கை வைத்துச் சொன்னார்கள். அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. எனக்குச் சும்மாவே தூக்கம் வராது, அது வேறு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலு பேரும் எங்கள் வீட்டில் கூடினோம். அடுத்த வாரம் கொடுக்க வேண்டிய பைகள் முந்தின திங்கட்கிழமையே வேனில் வந்துவிடும், நாலு பேர் பைகளையும் வாங்கி வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைக்கிற ஒரு பெரிய அண்டா இருக்கிறது. எல்லா உருண்டையையும் அதில் உதிர்த்துக் கொட்டினேன். வாசம் வருவது, வராதது எல்லாம். கொஞ்சம் நெய்யை என் கைக்காசில் வாங்கி ஊற்றிப் பிசைந்து திரும்ப உருண்டை பிடித்தோம். இப்போது எல்லா உருண்டையிலும் பாதி மருந்து. ஒருத்திக்கும் கூடவில்லை, ஒருத்திக்கும் குறையவில்லை.

அந்த வாரமே கன்னியம்மாள் மோந்து பார்த்துவிட்டு, “இப்பதான் உங்க டாக்டருக்குப் புத்தி வந்திருக்கு” என்றாள். பதினெட்டு வீட்டிலும் திரும்ப வாங்கினார்கள். எருமைக்காரர் மட்டும் இரண்டு வாரம் முறைத்துக்கொண்டிருந்தார். அவர் மருமகளை நான் கோயிலில் பார்த்துப் பேசிச் சரிசெய்தேன்.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்? வேகமாகச் சொல்கிறேனா? மெதுவாகவே எழுதுங்கள், நான் காத்திருக்கிறேன். காப்பி ஆறுகிறது பாருங்கள்.

ஒரு வாரம் இல்லை தம்பி, இரண்டு வருஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை விட்டதில்லை. ஒரு சமயத்தில் நூறு பெண்களுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருப்பார்கள். எழுநூறு உருண்டை. எங்கள் மாமியார் காரியத்தன்றைக்குக்கூட, பந்தி முடிந்து இலை எடுத்த கையோடு உட்கார்ந்து உருண்டை பிடித்தோம். எனக்கு ஒழுங்கு முக்கியம். பை எண் மாறக்கூடாது என்பதில் நான் அவ்வளவு கண்டிப்பு. நூற்றிரண்டு என்றால் நூற்றிரண்டாம் பையில்தான் போட வேண்டும். ஒருநாள் குமுதா நாற்பத்தாறையும் நாற்பத்தேழையும் மாற்றிப் போட்டுவிட்டாள். அன்றைக்கு அவளை நான் சும்மா விடவில்லை. “டாக்டரம்மா நம்மள நம்பி ஒரு பொறுப்பக் குடுத்திருக்காங்க, இப்படியா அலட்சியமா இருக்கிறது” என்று கேட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஒவ்வொரு உருண்டையும் நாற்பது கிராம், தராசில் வைத்துப் பார்த்துத்தான் பையில் போடுவோம். நீங்கள் ரிஜிஸ்டரில் பார்த்திருப்பீர்கள், மேலதிகாரிகள் திடீரென்று வந்து எடை பார்த்தபோது ஒரு கிராம் கூடினதில்லை, குறைந்ததில்லை.

பிள்ளைகள் பிறந்தன. எடை போட்டார்கள். மெட்ராஸ் கம்ப்யூட்டர் எண்களைத் திறந்து சொன்னது. மாவு சாப்பிட்டவர்கள் பிள்ளைக்கும் சாப்பிடாதவர்கள் பிள்ளைக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. எல்லாம் ஒரே எடை. நாங்கள் நாலு பேரும் சந்தோஷப்பட்டோம். ஒருத்தி பிள்ளை நோஞ்சான், ஒருத்தி பிள்ளை கொழுகொழு என்று ஊரில் பேச்சு வராமல் போயிற்றே.

டாக்டரம்மாதான் முதலில் வாடிப்போய்விட்டார்கள். வித்தியாசம் வரும் என்று எதிர்பார்த்திருந்தார்களாம். ஆனால் பாருங்கள், இல்லை என்றால் இல்லை என்று அப்படியே எழுதினார்கள். அதற்குத்தான் இவ்வளவு மரியாதை. தான் நினைத்தது தப்பு என்று தானே எழுத ஒரு மனசு வேண்டும் என்று எல்லோரும் பாராட்டினார்களாம். எங்கெங்கேயோ அந்த மாவு வாங்குவதை நிறுத்திவிட்டார்களாம். வீண் செலவு மிச்சம். ஒரு வருஷத்தில் டாக்டரம்மா இந்த நிறுவனத்துக்கே தலைவரானார்கள்.

நான் எதுவும் கேட்கவில்லை. ஆராய்ச்சி முடிந்ததும் எங்கள் நாலு பேரையும் அனுப்பிவிட்டார்கள். நான் வீட்டோடு இருந்தேன். அப்புறம்தான் இந்தப் பெயர் விஷயம் தெரிந்தது. கட்டுரையில் பதினாலு பெயர், அதில் நான் இல்லை என்று மோகனரங்கம் சொன்னார். ஒரு மாதம் யோசித்தேன். கேட்கலாமா, வேண்டாமா. பெரிய இடம். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ, கேட்காவிட்டால் நமக்கே நாம் துரோகம் செய்ததாகுமோ. கடைசியில் ஒரு புதன்கிழமை வந்து, டாக்டரம்மா அறை வாசலில் காலையிலிருந்து நின்று, மத்தியானம் உள்ளே போனேன்.

“என்ன வேதா, எப்படி இருக்க” என்று நன்றாகத்தான் கேட்டார்கள்.

“அம்மா, ஒண்ணு கேக்கணும். கட்டுரையில என் பேரு வரலீங்களே.”

சிரித்தார்கள். “பேர் போடறதுன்னா வேதா, அந்த வேலையில யோசனை குடுத்திருக்கணும். குடுக்கிற பையைக் கொண்டுபோய்க் குடுக்கிறது மட்டும் போதாது.”

அந்த வார்த்தைதான் எனக்குப் பொறுக்கவில்லை. பையைக் கொண்டுபோய்க் கொடுத்தேனாம். அது ஏகாம்பரம் செய்தது. “யோசனையே என்னுதுதாங்கம்மா” என்று, கன்னியம்மாள் வாசலில் ஆரம்பித்து அண்டா வரைக்கும், இப்போது உங்களிடம் சொன்னேனே, அதே மாதிரி ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவர்கள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

“எத்தன வாரம்?”

“கடைசி வரைக்கும்மா.”

“நாலு பேருமா?”

“நாலு பேரும்தான். நான்தான் சொல்லிக்குடுத்தேன்.”

தண்ணீர் குடித்தார்கள். மறுபடியும் ஊற்றிக் குடித்தார்கள். அவர்களுக்குச் சர்க்கரை உண்டு, மத்தியானச் சாப்பாடு வேறு தள்ளிப்போயிருந்தது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த அறையில் கடிகாரம் வேறு சத்தமாக ஓடும்.

“யார்கிட்டயாவது சொல்லியிருக்கியா?”

“இல்லைங்கம்மா. சொல்லிக்காட்டற பழக்கம் எனக்கு இல்ல.”

“சொல்ல வேண்டாம் வேதா. யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்.”

“அப்ப பேரு?”

“இப்ப என்ன வேலை பாக்கற?” என்று கேட்டார்கள். வீட்டில்தான் இருக்கிறேன் என்றேன். அடுத்த வாரமே விடுதிச் சமையலில் நிரந்தர வேலை என்று ஆர்டர் வந்தது. இதற்குப் பத்தாம் வகுப்பு வேண்டும். எனக்கு ஏழுதான். அதையும் சரிசெய்து கொடுத்தார்கள். அந்த நன்றி எனக்கு இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஆனால் மனுஷர்களை நான் படித்திருக்கிறேன் தம்பி. பெயரைக் கொடுக்க மனசு வரவில்லை, அதனால் வேலையைக் கொடுத்தார்கள். ஆயிரத்து ஐந்நூறு பேர் பேசுகிற கட்டுரைக்கு யோசனை சொன்னது ஏழாம் வகுப்புக்காரி என்று தெரிந்தால் அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். எவ்வளவு பெரியவர்களாக இருந்தாலும் அந்த இடத்தில் மனசு சின்னதாகிவிடுகிறது. அன்றையிலிருந்து என் கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை. வராந்தாவில் எதிரே வந்தால் போனைக் காதில் வைத்துக்கொள்கிறார்கள். மோகனரங்கம் இன்னொன்று சொல்கிறார். முன்பெல்லாம் வருஷத்துக்கு ஐந்து ஆறு கட்டுரை எழுதுவார்களாம். அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு இந்த நாலு வருஷத்தில் ஒன்றுகூட எழுதவில்லை. எழுதி அனுப்பியிருந்த இரண்டையும் திரும்ப வாங்கிக்கொண்டார்களாம். தலைவர் பதவி என்றால் கையெழுத்துப் போடவே நேரம் போய்விடும் இல்லையா. பாவம், உடம்பும் பாதியாகிவிட்டது. ராகிக் கஞ்சி கொடுத்தனுப்பினேன். தூக்கு அப்படியே திரும்பி வந்தது.

நான் வாக்குத் தவறுகிறவள் இல்லை. போன மாதம் மட்டும் அந்த விழா நடக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கும் பேசியிருக்கமாட்டேன். ஆயிரத்து ஐந்நூறு தாண்டிவிட்டதென்று கீழே ஹாலில் விழா வைத்தார்கள். டாக்டரம்மா வேண்டாம் வேண்டாம் என்றார்களாம், இளசுகள் கேட்கவில்லை. எனக்கு முன்னூறு பேருக்குக் கேசரியும் போண்டாவும் போடச் சொல்லி உத்தரவு. போட்டேன். போண்டா ஆறிவிடப்போகிறதே என்ற கவலையோடு கதவுப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஆராய்ச்சிக்கு உழைத்தவர்களுக்கு மரியாதை என்று மைக்கில் சொன்னார்கள். நான் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டேன். கையில் எண்ணெய், அதை ஓரமாகத் துடைத்துக்கொண்டேன். கூப்பிட்டது ஏகாம்பரத்தை. பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கைப் பிடித்து அவர், “இரண்டு வருஷத்தில் ஒரு திங்கட்கிழமைகூட நான் தாமதமாக வந்ததில்லை” என்றார். ஹால் முழுக்கக் கைதட்டினார்கள். டாக்டரம்மா மேடையில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பொய்யைக் கேட்டு அவர்களுக்கே வெட்கமாகிவிட்டது போலிருக்கிறது.

அன்றைக்கு மனசில் ஒரு முடிவு எடுத்தேன். யாராவது வந்து என்னைக் கேட்டால் சொல்லிவிடுவது. நானாகப் போய்ச் சொல்லக்கூடாது, அது டாக்டரம்மாவுக்குக் கொடுத்த வார்த்தை. கேட்டால் சொல்லலாம். நீங்கள் வந்து கேட்டீர்கள்.

என்ன? எழுதியதை ஒருமுறை எனக்குப் படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறீர்களா? தாராளமாக. இதை நீங்கள் அச்சில் போடுவீர்களா? போடுவீர்கள். அதில் என் பெயர் வருமா? வரும் என்கிறீர்கள். ஏன் இப்படி முகத்தை வைத்துக்கொண்டு சொல்கிறீர்கள், இது நல்ல விஷயம்தானே. நீங்கள் காப்பியைக் குடிக்கவே இல்லை.

டாக்டரம்மாவின் கட்டுரைக்கு என்ன ஆகும் என்றா கேட்டீர்கள்? என்ன ஆகும், ஒரு பெயர் கூடும். எடுத்துவிடுவார்களா? எதற்கு எடுக்க வேண்டும்? எடுத்தால் அந்த ஆயிரத்து ஐந்நூற்றுப் பதினாறு பேர் எழுதியது எல்லாம் அந்தரத்தில் நிற்குமே. அப்படியெல்லாம் செய்யமாட்டார்கள் தம்பி. நீங்கள் சின்ன வயசு, ரொம்ப யோசிக்கிறீர்கள். எனக்கு வேலை போய்விடும் என்கிறீர்களா? டாக்டரம்மா கொடுத்த வேலை, அவர்கள் இருக்கிறவரைக்கும் யார் கைவைக்க முடியும்.

படியுங்கள். ம். சரி. ஆமாம், அதுவும் சரி. அங்கே ‘நால்வரும் சேர்ந்து’ என்று இருக்கிறதே, அதை அடித்துவிடுங்கள். அஞ்சுகம் இப்போதே ஊரில், நாங்கதான் நடத்தினோம் என்று பேசிக்கொண்டிருக்கிறாள். யோசனை என்னுடையது, அண்டா என்னுடையது. அவர்கள் நான் சொன்னதைச் செய்தவர்கள். அப்படியே எழுதுங்கள், முழுப் பொறுப்பும் வேதவல்லியைச் சேர்ந்தது என்று.

இன்னும் ஒன்றா, கேளுங்கள். கலக்காமல் அப்படியே மருந்து உருண்டை சாப்பிட்டவர் யாராவது உண்டா? உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும். ஒரே ஒருத்தி. எங்கள் அண்ணன் மகள் இந்துமதி. முதல் பிள்ளையைக் குறைமாதத்தில் பறிகொடுத்த பெண். எண் நூற்று அறுபத்திரண்டு. கம்ப்யூட்டரில் அவளுக்கு மாவு இல்லாத உருண்டைதான் வந்தது. நான் அண்டாவில் கொட்டுவதற்கு முன்னால் வாசம் வருவதில் ஏழு உருண்டை தனியாக எடுத்துவைத்துவிடுவேன். சொந்தம், விட முடியாது. மற்ற மூன்று பேருக்கும் இது தெரியாது, சொல்லிவிடாதீர்கள்.

மூன்று கிலோ நானூறு. அந்த இருநூற்றுச் சொச்சத்தில் அதுதான் பெரிய பிள்ளை. நர்ஸ் இரண்டு தடவை எடை போட்டுப் பார்த்தாள்.

அப்படிப் பார்க்காதீர்கள் தம்பி. அது மாவினால் இல்லை. எங்கள் குடும்பத்து வாகு அப்படி. மாவினால் ஒன்றும் ஆகாது என்று டாக்டரம்மாதான் தெளிவாக எழுதிவிட்டார்களே. அதை அத்தனை படித்தவர்கள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தர்கூடவா பார்க்காமல் எழுதியிருப்பார். இந்துமதி இப்போது மறுபடி நாலு மாதம். அந்த மாவு எங்கேயாவது கிடைக்குமா அத்தை என்று கேட்டாள். காசைக் கரியாக்காதே என்று சொல்லிவிட்டேன்.

கொடுங்கள் பேனாவை. எங்கே போட வேண்டும், இங்கேயா? கொஞ்சம் பொறுங்கள், கையைத் துடைத்துக்கொள்கிறேன். பெயரை நன்றாகப் பெரிதாகப் போடச் சொல்லுங்கள். பக்கத்தில் வேறு யார் பெயரும் வேண்டாம்.